பதினேழாம் இலக்க வண்டி

பாரிஸ், லாச்சப்பல்
14.10.2024

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி அரியநாயகம் எழுதுவது. நானும் கோசலையும் மகன் கீர்த்தனனும் சுகமாக இருக்கிறோம். ஜெர்மனியில், கிரேபெல்டில் நீங்களும் மகள் கஜனியும் மருமகனும் சுகமா? உங்கள் காது மிஷின் இன்னும் விசில் அடிக்கிறதா? போனில் நான் உங்களோடு கதைத்தால், இந்த வீட்டில் அடிபிடி நடக்கிறது என்று மேல்மாடிக்காரர் நினைக்கிறார்கள். அதனால்தான் பழையபடி கடிதம். முத்திரை வாங்கப் போனால் தபால் கந்தோர்ப் பிள்ளை என்னை அதிசயமாகப் பார்க்கிறாள்.

ஒரு ஆலோசனை வேண்டும். தை மாதத்தோடு நான் ஓய்வு பெறுகிறேன். முப்பத்தொரு வருடம் ஒரே ரெஸ்டோரண்ட் குசினியில் நின்ற கால் இனி உட்காரலாம். ஒரு வண்டி வாங்கி அதில் உட்காரலாம் என்று யோசிக்கிறேன். உள்ளேயே படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் இருக்கும். இங்கே கம்பிங்-கார் என்பார்கள். பதினொரு வருடமாக வாடகைக் கம்பனி முற்றத்தில் அவற்றைக் கழுவித் துடைக்கிற உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. எங்கள் சொந்தத்தில் அந்த வண்டிகளின் உள்வீட்டு ரகசியம் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான்.

நாலு வகை காட்டுகிறார்கள். சாமான் ஏற்றுகிற வானை வீடாக்கியது ஒன்று. சாரதியின் தலைக்கு மேலே பரண் மாதிரிப் படுக்கை வைத்தது கப்புசின். பரண் இல்லாமல் முன்பக்கம் சரிவாக இருப்பது புரொஃபிலே. பஸ் மாதிரி முகம் முழுக்கக் கண்ணாடியாக இருப்பது அந்தெக்ரால். விற்கிறவனைக் கேட்டால் நாலும் சொர்க்கம்தான்.

அக்கா, ஊர் சுற்றும் ஆசையில் வந்த யோசனை இல்லை இது. கோசலை இரண்டு வருடமாக எங்கள் வீட்டை விட்டு ஒரு இரவுகூட வெளியே தங்கவில்லை. உங்களுக்கு முன்பு பித்தப்பைக் கல் எடுத்த மாதிரி அவளுக்கும் வயிற்றில் சின்ன ஒப்பரேஷன் என்று எழுதியிருந்தேன் அல்லவா? அதற்குப் பிறகுதான் இப்படி. காரணத்தை யாருக்கும் சொல்வதில்லை என்று அவளுக்குச் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன். கஜனியின் கலியாணத்துக்கு அவள் வராததில் உங்களுக்கு மனத்தாங்கல் இருக்கும். ஆனால் போன கிழமை அவளாகவே வாய் திறந்து, "எங்கட சொந்தக் கதவோட ஒரு வண்டி இருந்தா அக்காட்டைப் போகலாம்" என்றாள். அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. தப்பான வண்டியை வாங்கிவிட்டால் அவள் திரும்பவும் கதவைச் சாத்திக்கொள்வாள். ஆகவே யோசித்து எழுதுங்கள்.

நீங்கள் மட்டும் என்ன! ஒன்பது வருடத்துக்கு முன் இங்கே பிள்ளையார் தேருக்கு வந்து, கோசலை வைத்த கத்தரிக்காய்ப் பால்கறியைத் தொடாமல் அன்று பின்னேரமே ரயில் ஏறி ஓடியவர்தானே. "பெருமை பிடிச்ச மச்சாள்" என்று அவள் இன்றும் சொல்லிக்காட்டுவாள். கோபிக்காதீர்கள்.

உங்கள் அன்புத் தம்பி,
அரியம்

கிரேபெல்ட்
27.10.2024

அன்புத் தம்பி அரியத்துக்கு,

அக்கா எழுதுவது. நாங்கள் சுகம். காது மிஷின் இப்போது ரொட்டி வாங்கும் பாண்கடைக்குள் மட்டும்தான் விசில் அடிக்கிறது. கஜனி உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

முதலில் மனதில் கிடப்பதைக் கொட்டிவிடுகிறேன். உன் பெண்சாதி கலியாணத்துக்கு வராதது எனக்கு வருத்தம்தான். இல்லை என்று எழுதினால் பொய். ஆராத்தி எடுக்க மாமி நிற்கவேண்டிய இடத்தில் யாரோ ஒருத்தியைக் கூப்பிட்டு நிறுத்தினேன். வீடியோவில் அந்த இடம் வரும்போதெல்லாம் எழுந்து தேத்தண்ணீர் போடப் போய்விடுவேன். சரி, கொட்டியாயிற்று.

இனி வண்டி. வான் வகை ஓட்டச் சுகம், லாச்சப்பல் சந்துக்குள்ளும் நுழையும். ஆனால் உள்ளே ஒருவர் தேத்தண்ணீர் ஊற்றினால் மற்றவர் வெளியே போய் நிற்கவேண்டும். குளியலறை என்று ஒரு அலுமாரியைத் திறந்து காட்டுவார்கள். கப்புசின் பிள்ளைகுட்டிக்காரருக்கு. அந்தப் பரணிலிருந்து நான் கூட்டி அள்ளிய பிஸ்கற் தூளில் ஒரு கடை போடலாம். அறுபது தாண்டிய நீ அந்த ஏணியில் ஏறி இறங்குவதைப் பார்க்க எனக்கு ஆசைதான், ஆனால் முழங்கால் உன்னுடையது. அந்தெக்ரால் பணக்காரரின் பஸ். முன்கண்ணாடிக்கு ஒரு திரை, பக்கத்துக்கு ஒரு திரை என்று அந்தி பட்டால் திரை இழுத்தே கை ஓய்ந்துவிடும். புரொஃபிலே நடுவாந்தரம். அதிலும் பத்து விதம் இருக்கிறது. எதை எங்கே வைத்திருக்கிறான் என்று பார்த்துத்தான் வாங்கவேண்டும். எதுவானாலும் மூன்றரைத் தொன்னுக்கு மேலே போகாதே, உன் லைசன்ஸ் செல்லாது.

எத்தனை பேருக்கு வண்டி? அதை எழுதாமல் நாலு பக்கம் எழுதியிருக்கிறாய்.

கோசலையைச் சுகம் விசாரித்ததாகச் சொல். சொன்னால் கேட்பாளோ தெரியாது, சொல்.

அக்கா,
தங்கேஸ்வரி

பாரிஸ்
20.11.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்து மூன்று கிழமை ஆகிவிட்டது. இங்கே எல்லோரும் சுகம். குளிர் தொடங்கிவிட்டதால் கஞ்சி வைத்துக் குடிக்கிறோம். நீங்களும் குளிரில் வாளியும் கையுமாக நிற்காமல் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கீர்த்தனனோடு வேலை செய்கிற தியரி என்பவர் சென் தெனியில் ஒரு கப்புசின் விற்கிறார். போய்ப் பார்த்தேன். ஏழு பேர் படுக்கலாம், அக்கா! எனக்கு அதில்தான் மனம் நிற்கிறது. லண்டனிலிருந்து கோசலையின் அண்ணர் குடும்பம் வந்தால்? உங்கள் மருமகன் வந்தால்? வருகிறவர்களைப் படு என்று சொல்ல ஒரு பாய் விரிக்க இடமில்லாமல் எப்படி ஒரு வீடு, சில்லு வைத்திருந்தாலும்?

கோசலை போட்டோவைப் பார்த்துவிட்டு, "அடுப்புக்கும் கக்கூசுக்கும் நடுவில ஒரு முழம்தான் இருக்கு. இதுக்குள்ள நான் சமைக்கிறதோ? சாமிப் படம் எங்கை வைக்கிறது, சிங்குக்கு மேலயோ?" என்று கேட்டாள். கீர்த்தனன் பிரெஞ்சில் ஏதோ சொல்லிச் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

சில விசயம் நீங்கள் எனக்கு விளக்கமாக எழுதவேண்டும். குளியலறைக் கதவு மடிப்புக் கதவா, தாழ்ப்பாள் உள்ளதா? உள்ளே ஒரு ஆள் நிமிர்ந்து நின்று, கண்ணாடியில் தன் இடுப்புவரை பார்க்கமுடியுமா? சுடுதண்ணீர் எத்தனை நிமிடம் வரும்? தண்ணீர்த் தொட்டி ஒரு நாளில் முடிந்துவிட்டால் என்ன செய்வது? மூடியுள்ள குப்பை வாளி வைக்க உள்ளேயே இடம் இருக்குமா? மணம் வெளியே போக மேலே ஜன்னல் உண்டா? நின்றபடி சாமான் எடுக்க, கை எட்டுகிற உயரத்தில் ஒரு தட்டு? படுக்கை எதுவானாலும் பரவாயில்லை.

உங்கள் அன்புத் தம்பி,
அரியம்

கிரேபெல்ட்
2.12.2024

அன்புத் தம்பிக்கு,

நலம், நலமறிய ஆவல். முற்றத்தில் குழாய்த் தண்ணீர் உறைந்துவிட்டதால் இன்று பாதி நாள் லீவு. அதனால் ஆறுதலாக எழுதுகிறேன்.

தியரியின் கப்புசினை வாங்கினாய் என்றால் நான் உன்னோடு கதைக்கமாட்டேன். நான் கழுவுகிற கப்புசின்களில் பாதிக்கு மேல் இரண்டு பேர்தான் போய் வருகிறார்கள். மற்றப் படுக்கைகளில் கம்பளியும் குடையும் படுத்திருக்கும். எங்கள் ஆட்களுக்கு இது ஒரு வியாதி. வராத விருந்தாளிக்குப் பாய் விரித்துவிட்டு, வீட்டுக்காரி குந்த இடமில்லாமல் நிற்பாள். வண்டி யாருக்கு? கோசலைக்கு. அவளுக்கு ஏற்றதைப் பார்.

படுக்கையைப் பற்றி நீ ஒரு வரிதான் எழுதியிருக்கிறாய், குளியலறையைப் பற்றி அரைப் பக்கம். அதை வாசிக்கும்போது எனக்கு ஒருத்தியின் நினைவு வந்தது. சும்மா எழுதுகிறேன்.

முன்பு எங்கள் முற்றத்துக்கு ஒரு பெண் வந்துபோவாள். என் வயதுதான். குடலில் ஒப்பரேஷன் செய்து, வயிற்றின் பக்கத்தில் ஒரு பை ஒட்டி விட்டிருந்தார்கள். போவதெல்லாம் அந்தப் பைக்குள்தான். எப்போது நிரம்பும் என்று அவளுக்கே தெரியாது. நிரம்பினால் அந்த நிமிடமே ஒரு கதவு வேண்டும், தண்ணீர் வேண்டும், கண்ணாடி வேண்டும். ஆகவே ஒருவர் வீட்டிலும் தங்கமாட்டாள். வரச்சொல்லிக் கேட்டவர்களுக்கெல்லாம் ஒரு சாட்டுச் சொல்லுவாள். சொந்தக்காரர் அவளைப் பெருமைக்காரி என்றார்கள்.

அவள் எல்லா வகை வண்டிக்குள்ளும் ஏறிப் பார்த்தாள். வானுக்குள் திரும்பினால் முழங்கை இடித்தது. கப்புசினில் கண்ணாடி முகத்துக்கு மட்டும்தான். அந்தெக்ராலில் வசதி எல்லாம் இருந்தது, ஆனால் அந்தப் பெரிய கண்ணாடியால் முழு உலகமும் தன்னைப் பார்க்கிற மாதிரி அவளுக்கு இருந்தது. கடைசியில் அவளுக்குச் சரிவந்தது எங்கள் பதினேழாம் இலக்க வண்டி. புரொஃபிலே. பின்பக்கம் முழுவதும், இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை, குளியலறை. கதவு நல்ல பலகைக் கதவு, தாழ்ப்பாள் உண்டு. அடுப்பு நடுவில், எட்டத்தில். படுக்கை இருக்கைக்கு மேலே கூரையில் ஒட்டியிருக்கும், பொத்தானை அமத்தினால் ஏணி தேவையில்லாத உயரத்துக்கு இறங்கி வரும். அப்படி ஒன்றைத் தேடு.

இதை ஏன் எழுதினேன் என்று கேட்காதே. நினைவு வந்தது, அவ்வளவுதான்.

அக்கா,
தங்கேஸ்வரி

கிரேபெல்ட்
16.1.2025

அன்புத் தம்பிக்கு,

பொங்கல் வாழ்த்துகள். நான் எழுதி ஆறு கிழமையாக உன் பதில் இல்லை. சுகமில்லையா? அல்லது நான் எழுதியது கூடிப்போய்விட்டதா? கூடிப்போயிருந்தால் அந்தப் பக்கத்தைக் கிழித்து எறிந்துவிட்டு, பொங்கல் எப்படி என்று மட்டும் எழுது. கோசலைக்கு என் அன்பு.

அக்கா

பாரிஸ்
26.1.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உங்களுக்கும் கஜனி, மருமகனுக்கும் எங்கள் பொங்கல் வாழ்த்துகள் பிந்தி வருகின்றன, மன்னியுங்கள். ஒருவருக்கும் நோய் வருத்தமில்லை. எழுத இருப்பேன், பேனை ஓடாது.

அந்தப் பெண்ணின் கதையை வேலைத்தலத்துக்குக் கொண்டுபோய், உருளைக்கிழங்கு மூட்டைமேல் உட்கார்ந்து நாலு தரம் வாசித்தேன். கண்ணைத் துடைப்பதைப் பார்த்தவர்கள் வெங்காயம் என்று நினைத்திருப்பார்கள். அக்கா, நான் சத்தியத்தை மீறி ஒரு சொல்லும் சொல்லவில்லை. நீங்களும் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் இரண்டு வருடமாக ஒரு மூட்டையை நான் மட்டும் சுமந்த மாதிரி இருந்தது. இப்போது மறுபக்கத்தில் ஒருவர் கை கொடுத்தது போல இருக்கிறது. உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. சொல்லிவிட்டேன்.

ஓல்னேயில் கீர்த்தனன் இருக்கிற பக்கத்தில் மரி-லூயிஸ் என்று ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியை. அவர் விற்கிற புரொஃபிலே நீங்கள் எழுதியபடியே இருந்தது. கோசலையைக் கூட்டிப்போனேன். காரில் போகும்போதே கையைப் பிசைந்துகொண்டு வந்தாள். வண்டிக்குள் ஏறியவள் அடுப்பைப் பார்க்கவில்லை, படுக்கையைப் பார்க்கவில்லை. நேரே பின்னுக்குப் போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். பத்து நிமிடம், கால் மணித்தியாலம். தண்ணீர் திறக்கிற சத்தம், மூடுகிற சத்தம். மரி-லூயிஸ் என்னைப் பார்க்கிறார், நான் கூரையைப் பார்க்கிறேன். வெளியே வந்து, "ஓம்" என்று தலையை ஆட்டினாள். அன்றே கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

அந்தப் பெண் சாமான் வைத்த தட்டு எங்கே இருந்தது என்று தெரிந்தால் எழுதுங்கள்.

உங்கள் அன்புத் தம்பி,
அரியம்

கிரேபெல்ட்
3.2.2025

அன்புத் தம்பிக்கு,

சுகமாக இருக்கிறோம். உன் கடிதத்தை நானும் நாலு தரம் வாசித்தேன், உருளைக்கிழங்கு மூட்டை இல்லாமல்.

தட்டு: முகம் கழுவும் தொட்டிக்கு வலப்பக்கம், இடுப்புக்குச் சற்று மேலே. விளிம்பு உயர்த்தியதாக வாங்கு, இல்லாவிட்டால் வண்டி ஓடும்போது சாமான் எல்லாம் கீழே கிடக்கும். நீளக் கண்ணாடி ஒன்றைக் கதவின் உள்பக்கம் ஒட்டு. சட்டையைத் தூக்கிச் செருக இரண்டு கைகளும் வேண்டியிருக்கும், ஆகவே துவாய் மாட்ட நெஞ்சு உயரத்தில் ஒரு கொளுக்கி. குப்பை வாளி காலால் மிதித்துத் திறப்பது. ஒவ்வொரு இரவும் தண்ணீர்த் தொட்டி நிரம்பியிருக்கவேண்டும், அது உன் பொறுப்பு.

இதையெல்லாம் நீயாக யோசித்துச் செய்ததாகச் சொல். பெண்சாதியிடம் ஒரு நல்ல பெயர் உனக்கும் வேண்டாமா?

அக்கா,
தங்கேஸ்வரி

பாரிஸ்
22.4.2025

அன்புள்ள அக்காவுக்கு,

புதுவருட வாழ்த்துகள். எல்லோரும் நல்ல சுகம். இந்தத் தரம் வெறும் பேச்சுக்கு எழுதவில்லை, உண்மையாகவே சுகம்.

வண்டிக்கு ஓல்னேயில் தேங்காய் உடைத்து, நாலு சில்லுக்கும் தேசிக்காய் வைத்து நசித்தோம். மரி-லூயிஸ் கைதட்டினார். பிறகு மூன்று நாள் நோர்மண்டிக் கடற்கரைக்குப் போனோம். கோசலை மூன்று இரவு வெளியே தங்கினாள், அக்கா! கடலைப் பார்த்தபடி தேத்தண்ணீர் குடித்தாள். பக்கத்து வண்டிக்காரிக்கு வடை கொடுத்தாள்.

ஒரே ஒரு சண்டை. எங்கள் படுக்கையில் தலைப்பக்கம் வண்டியின் மூக்குப் பக்கம், மெத்தையை அப்படி உயர்த்திச் செய்திருக்கிறான். முதல் நாள் நிறுத்திச் சாப்பிட்டுப் படுக்கப் போனால், "இஞ்சருங்கோ, வடக்கு எந்தப் பக்கம்?" என்றாள். வடக்கே தலை வைத்து அவள் பிறந்ததிலிருந்து படுத்ததில்லை. போனில் திசைகாட்டியைத் திறந்தால் மூக்கு நேரே வடக்கு. மேசையில் தட்டு, கோப்பை எல்லாம் இருக்க, எழும்பி வண்டியைத் திருப்பினேன். அடுத்த நாளிலிருந்து நிறுத்த முதலே திசை பார்க்கிறேன். கடல் தெரிகிற பக்கமும் தெற்கும் ஒன்றாக வருவதில்லை.

ஆனியில் உங்களிடம் வரலாமா என்று கோசலை கேட்கச் சொன்னாள். அவளே கேட்டாள்.

உங்கள் அன்புத் தம்பி,
அரியம்

கிரேபெல்ட்
30.4.2025

அன்புத் தம்பிக்கும் கோசலைக்கும்,

வாருங்கள். வீட்டுக்கு முன்னால் வண்டி நிற்க இடம் இருக்கிறது, முற்றத்துக் குழாயிலிருந்து தண்ணீர் இழுக்கலாம். நீங்கள் வண்டியிலேயே படுங்கள். வீட்டுக்குள் வந்து படு என்று இங்கே ஒருவரும் வற்புறுத்தமாட்டார்கள். கஜனிக்கும் சொல்லிவைத்துவிட்டேன்.

கோசலை, ஒரு சேலை கொண்டுவா. நல்லதாக.

அக்கா,
தங்கேஸ்வரி

பாரிஸ்
29.6.2025

அன்புள்ள மச்சாளுக்கு,

கோசலை எழுதுகிறேன். நாங்கள் சுகமாக வீடு வந்து சேர்ந்தோம். உங்கள் சுகத்துக்குப் பிள்ளையாரிடம் சொல்லி அர்ச்சனை செய்தேன். உங்களுக்கு நான் எழுதுகிற முதல் கடிதம் இது, எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நன்றி. நாங்கள் வந்து இறங்கிய கையோடு வண்டியின் மூக்கு வடக்கே என்று நான் முகத்தைச் சுளித்தபோது, நீங்கள் ஒரு கேள்வியும் கேட்காமல் தெருவில் இறங்கி, வருகிற கார்களை மறித்து, இவரைத் திருப்ப வைத்தீர்கள். அந்தச் சனம் முழுக்க ஜன்னலால் பார்த்தது. "அப்பிடி நிண்டால்தான் தண்ணிக் குழாய் எட்டும்" என்று எல்லோருக்கும் சொன்னீர்கள். குழாய் இரண்டு பக்கத்துக்கும் எட்டும் என்று எனக்குத் தெரியும்.

பிறகு அந்த ஆராத்தி. நான் சேலை கட்டி வெளியே வர, கஜனியையும் மாப்பிள்ளையையும் வண்டிப் படிக்கு முன்னால் கலியாண உடுப்போடு நிறுத்தி வைத்திருந்தீர்கள். கையில் ஆராத்தித் தட்டைத் தந்து, "இரண்டு வருசமாய்ப் பாக்கி. எடு" என்றீர்கள். கஜனி அழுதாள், நானும் அழுதேன். திரியைப் பற்றவைத்து மூன்று தரம் சுற்றினேன். அதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

வெளிக்கிடுகிற அன்று காலை நீங்கள் வாளியும் தும்புத்தடியுமாக வந்தீர்கள். "வண்டியை ஊத்தையோட அனுப்பிப் பழக்கமில்லை" என்று ஏறினீர்கள். நான் ஓடிப்போய்க் குளியலறைக் கதவில் முதுகைச் சாய்த்து நின்றேன். என் பெட்டி, பைகள் எல்லாம் உள்ளே அந்தச் சுவர்த் தட்டில் இருந்தன. "மச்சாள், அது வேண்டாம், நான் பிறகு செய்யிறன்" என்றேன். நீங்கள் என்னைப் பார்த்து, "பதினொரு வருசம் கழுவினனான் கோசலை. எனக்கு வண்டிதான் கண்ணுக்குத் தெரியும். தள்ளி நில்" என்றீர்கள். ஏன் தள்ளி நின்றேன் என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை. தள்ளி நின்றேன். கால் மணித்தியாலம் கழித்து வெளியே வந்து, "சுடுதண்ணி நல்லா வருது" என்று மட்டும் சொல்லி வாளியை ஊற்றப் போய்விட்டீர்கள். பிறகு பார்த்தால் என் சாமான் ஒன்றும் இடம் மாறவில்லை, ஆனால் எல்லாம் துடைத்துச் சுத்தமாக அடுக்கியிருந்தது.

வீடு வந்ததும் இவரோடு சண்டை பிடித்தேன். "நீங்கள் சொல்லிப்போட்டியள்" என்று கத்தினேன். இவர் அலுமாரியிலிருந்து உங்கள் கடிதங்களையும், தான் எழுதியவற்றின் போட்டோக்கொப்பிகளையும் எடுத்துத் தந்தார். எல்லாவற்றையும் வாசித்தேன். இவர் சொல்லவில்லை. அந்தத் தட்டும் கொளுக்கியும் யாருடைய யோசனை என்றும் தெரிந்துகொண்டேன். இவர் தன்னுடையது என்று மூன்று மாதமாக நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தார்.

இனி நானே சொல்லுகிறேன். ஓம் மச்சாள், எனக்கும் அப்படித்தான். இரண்டரை வருடம். மணக்குமோ, சத்தம் கேட்குமோ, கசிந்துவிடுமோ என்று பயந்து பயந்துதான் கஜனியின் கலியாணத்தை விட்டேன். நீங்கள் அருவருப்பீர்கள் என்று நினைத்தேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.

ஒரு உதவி. அந்தப் பதினேழாம் இலக்க வண்டிப் பெண்ணை இப்போதும் காண்பீர்களா? அவளுக்கு என் நன்றியைச் சொல்லவேண்டும். எனக்கு இரண்டு கேள்வியும் இருக்கிறது. அவள் ஜெர்மன்காரிதானே, நீங்கள் கேட்டு எழுதினால் போதும். வெய்யில் நாளில் அவள் என்ன உடுத்துவாள்? ஆட்களுக்கு எப்போது சொன்னாள்?

அன்புடன்,
உங்கள் மச்சாள் கோசலை

கிரேபெல்ட்
8.7.2025

அன்புள்ள கோசலைக்கு,

நான் சுகம். நீயும் அரியமும் சுகமாக இருக்கவேண்டும். உன் கடிதத்தில் எழுத்துப் பிழை இரண்டுதான், நான் அதைவிடக் கூட விடுவேன்.

அவளை நான் தினமும் காண்கிறேன். ஜெர்மன்காரி என்று நான் எழுதவே இல்லை, கடிதத்தை எடுத்துப் பார். வாடகைக்கு வந்தாள் என்றும் எழுதவில்லை. முற்றத்துக்கு வந்துபோவாள் என்றுதான் எழுதினேன். காலை ஏழு மணிக்கு வந்து நாலு மணிக்குப் போவாள்.

எனக்குப் பித்தப்பையில் கல் இருந்ததே இல்லை. பத்து வருடத்துக்கு முன் எனக்கும் அந்தப் பை ஒட்டினார்கள், பதினான்கு மாதம். பிறகு குடலைத் திரும்பப் பொருத்திவிட்டார்கள். உனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை என்று நீ எழுதிய இரண்டரை வருடமே சொல்கிறது, அதை நினைத்தால் எழுதவே கூச்சமாக இருக்கிறது. கஜனியின் அப்பா அதற்கு முன்னமே காலமாகிவிட்டார். கஜனி வேறு ஊரில் படித்துக்கொண்டிருந்தாள். ஒருவருக்கும் சொல்லவில்லை.

கம்பனியில் எங்களுக்கு இருந்தது ஒரு கழிப்பறை, ஆறு பேருக்கு. மத்தியானம் மற்றவர்கள் சாப்பிடப் போக, நான் வாளியைத் தூக்கிக்கொண்டு முற்றத்தில் நிற்கிற வண்டி ஒன்றுக்குள் ஏறுவேன். வாளியோடு போகிற பெண்ணை எங்கே போகிறாய் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். அப்படித்தான் எல்லா வகையும் எனக்குத் தெரியும். வானில் இடித்தது என் முழங்கை. பதினேழாம் இலக்கத்துக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்ட முதல் நாள், அந்தத் தரையில் குந்தியிருந்து அழுதது நான். அரியம் நீ உள்ளே கால் மணித்தியாலம் நின்றாய் என்று எழுதியபோது, நீ என்ன செய்திருப்பாய் என்று எனக்குத் தெரியும்.

அந்தத் தேர் நாளில் உங்கள் வாசலில் இருபது சோடிச் செருப்பு. வீட்டுக்குள் கழிப்பறை ஒன்று, அதற்கு முன்னால் வரிசை. கறி மணந்தது, பசியும் இருந்தது. நான் ரயில் ஏறிவிட்டேன். பிறகு சுகமாகியும் வர வெட்கமாக இருந்தது. நீ என்னைப் பெருமைக்காரி என்றது சரியாகத்தான் பட்டது. அதே மாதிரிச் சாட்டு ஒன்றை நீ கஜனியின் கலியாணத்துக்குச் சொன்னபோது, எனக்கல்லவா முதலில் விளங்கியிருக்கவேண்டும்? விளங்கவில்லை. கோபித்துக்கொண்டு இருந்தேன். அதற்கு நீதான் என்னை மன்னிக்கவேண்டும்.

உன் கேள்விக்குப் பதில். வெய்யில் நாளில் தளர்ந்த பருத்திச் சட்டை, பூப்போட்டது. ஆட்களுக்கு எப்போது சொன்னாள் என்றால், இன்றைக்கு. உனக்குத்தான் முதலில். நீ கதவை விட்டுத் தள்ளி நின்றாயே, அதற்குப் பிறகுதான் எனக்கும் துணிவு வந்தது. அந்த நன்றியை நான் யாரிடம் போய்ச் சொல்வது, உன்னிடம்தானே.

இந்தக் கடிதத்தை அரியத்துக்கும் காட்டு. அழுதால் வெங்காயம் என்று சொல்லட்டும்.

ஆவணியில் தேருக்கு வருகிறேன். இரவு தங்குவேன். வீட்டிலோ வண்டியிலோ, எங்கே பாய் விரித்தாலும் தலையைத் தெற்கே வைத்துப் படுத்துவிடுவேன். கத்தரிக்காய்ப் பால்கறி வை. பத்து வருடப் பசியோடு வருகிறேன்.

உன் மச்சாள்,
தங்கேஸ்வரி